கடைசிப் பன்னிரண்டு வரிசைகள்

"கிணத்து மோட்டாரையே நான் போன்லதான் போடுறேன், நிறுத்துறேன். எனக்கே காதுல பூ சுத்துறான். மருந்தை யாருக்கு வித்தான்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க."

பருத்திக்காட்டு முதலாளிக்குத் துப்பறிவாளர் வீட்டு நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை. சொட்டுநீர்க் குழாய் வழியே பூச்சிமருந்து விட்டு ஐந்து நாளாகியும் கடைசிப் பன்னிரண்டு வரிசைகளில் அசுவினிப் பூச்சி அப்பிக்கிடந்தது. மோட்டார்க்காரர் பாதி மருந்தைத் திருடிவிட்டார் என்று பக்கத்துத் தோட்டக்காரர்கள் நாலு பேர் முன்னால் சொல்லியாயிற்று. மாலைக்குள் அந்தக் குடும்பம் மோட்டார் அறையை ஒட்டிய வீட்டைக் காலிசெய்ய வேண்டும்.

துப்பறிவாளர் நிதானமாகச் செருப்பை மாட்டினார். அவருடைய மைத்துனன் அதற்குள் காரைக் கிளப்பியிருந்தான்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பாத்திரங்கள் தள்ளுவண்டியில் ஏறிவிட்டன. மோட்டார்க்காரர் நிற்கமாட்டாமல் தவித்தார்.

"தொட்டியில மருந்து காலியானதும் முதலாளிக்குப் போன்ல சொன்னேங்க. எங்கயாச்சும் கசியுதான்னு பார்க்க அந்தக் கோடிக்குப் போனேன். வர்றதுக்குள்ள மோட்டார் நின்னுடுச்சு. கரண்ட் போச்சுன்னு நெனச்சேன்."

"அன்னைக்குக் கரண்டே போகல. புளுகுறான்," என்றார் முதலாளி.

"மாட்டிக்கிட்டாரு அத்தான்," என்று மைத்துனன் காதைக் கடித்தான்.

"பொறு மாப்ளே. அதுக்கப்புறம் தண்ணி விட்டீங்களா?"

"எங்க? மறுநாளே மழை பிடிச்சுக்கிச்சு."

துப்பறிவாளர் இலைகளைப் புரட்டிக்கொண்டே நடந்தார். சுத்தமான செடிகள் முடிந்து பூச்சி தொடங்கும் இடத்தில் நின்றார். கையுறை மாட்டிக்கொண்டு அங்கிருந்த குழாய் இணைப்பைத் தளர்த்தினார். வழிந்த தண்ணீர் பால் கலந்தாற்போல் இருந்தது. நெடி மூக்கைத் துளைத்தது.

"திருடுபோன மருந்து இதுதான். தொட்டி காலின்னா மருந்து செடிக்குப் போயிடுச்சுன்னு அர்த்தமில்ல. குழாய்க்குள்ள வந்துடுச்சு, அவ்வளவுதான். இன்னும் அரைமணி வெறுந்தண்ணி ஓடினாத்தான் கடைசி வரிசைக்குப் போகும். அதுக்குள்ள மோட்டார் நின்னிருக்கு. கரண்ட் போகல. இவரும் மோட்டார்கிட்ட இல்ல. உங்க போனைக் கொஞ்சம் குடுங்க."

போனில் எல்லாம் பதிவாகியிருந்தது. மோட்டார்க்காரர் பேசி முடித்த மறுநிமிடம் மோட்டார் நிறுத்தப்பட்டிருந்தது.

முதலாளியின் முகம் தொங்கிப்போனது. "மருந்துதான் தீர்ந்துடுச்சே, கிணத்துத் தண்ணி ஏன் வீணாப் போகணும்னு..."

அவர் வண்டியை நோக்கித் திரும்பினார். தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற மோட்டார்க்காரரின் மனைவியிடம், "சாமானை இறக்கிடும்மா," என்றார்.

அவள் கையை எடுக்கவில்லை.

"திருடங்கன்னு நாலு பேரைக் கூட்டி வச்சுச் சொன்னீங்க. அந்த நாலு பேரையும் கூட்டிட்டு வாங்க. அப்புறம் இறக்குறோம்."

முதலாளி துப்பறிவாளரைப் பார்த்தார். அவர் கையுறையைக் கழற்றுவதில் கவனமாக இருந்தார். முதலாளி பக்கத்துத் தோட்டத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார்.