வெள்ளையன் வளைவு

கரட்டுப்பாளையம் புறவழிச்சாலையில் இன்னும் ஒருவர்கூடச் சாகவில்லை என்பதுதான் அமுதவல்லியின் கவலை.

சாலைப் பாதுகாப்புத் துறையில் கவச ஆய்வாளராக இருப்பவள் இப்படிக் கவலைப்படலாமா என்றால், படலாம். சாவு விழாத சாலையில் கவசம் பேசாது. கவசம் பேசாவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு மேடும் பள்ளமும் ஒன்றுதான்.

ஒரு காலத்தில் தலைக்கவசம் என்பது வெறும் ஓடு. அதையும் நம் ஆட்கள் முழங்கையில் மாட்டிக்கொண்டு போனார்கள். தூரத்தில் போலீஸ்காரரின் தொப்பி தெரிந்தால்தான் அது தலைக்கு ஏறும். பின்னால் உட்கார்ந்த மனைவிக்கு அதுவும் கிடையாது, பூ நசுங்கிவிடுமாம். பிறகு வந்தது முன்னுணர்வுக் கவசம். ஓட்டுபவர், பின்னால் அமர்பவர் இருவர் தலையிலும் ஏறி, தாடைப்பட்டை பூட்டிக்கொண்டால்தான் வண்டி கிளம்பும் என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அதன் உள்ளே மெல்லிய நரம்புத்திரை ஒன்று பிடரியோடு ஒட்டிக் கிடக்கும். கவசம் அணிந்தவர் சாலையில் இறந்தால், அவருடைய கடைசி அச்சத்தை அந்தத் திரை அப்படியே பிடித்து அச்சக் களஞ்சியத்துக்கு அனுப்பும். அதன்பின் அந்த இடத்தைக் கடக்கும் ஒவ்வொருவர் பிடரியிலும் அந்த அச்சம் இறங்கும். கை தானாக வேகத்தைக் குறைக்கும். இடம் தாண்டியதும் பயமும் போய்விடும்.

பட்டால்தான் தெரியும் என்பார்கள். இப்போது ஒருவர் பட்டால் ஊருக்கே தெரிந்தது. விபத்துகள் வற்றிப்போயின. கூடவே, சொந்தமாகப் பயப்படுவது எப்படி என்பதும் ஜனங்களுக்கு மறந்துபோயிற்று.

அமுதவல்லியின் மகள் நறுமுகை அப்படி வளர்ந்தவள்தான். தகப்பன் முகம் நினைவில்லாத பெண், ஒற்றைப் பிள்ளை. கல்லூரிக்குப் போகும் வயதிலும் காலையில் அம்மா ஊட்டிவிட்டால்தான் இட்லி இறங்கும். ஒரு கையில் செல்போனும் மறு கையில் சீப்புமாக நின்று, வாயை மட்டும் திறப்பாள். சாப்பிட்டு முடித்துக் கவசத்தை மாட்டிக்கொண்டு அந்தப் புதுச்சாலையில் பறப்பாள்.

சாலையில் ஒரு வளைவு இருந்தது. அளவெடுத்தவர்கள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்களோ, தரை உள்பக்கம் சாய்வதற்குப் பதிலாக வெளிப்பக்கம் சரிந்திருந்தது. சரிவுக்குக் கீழே கைவிட்ட கல்குவாரிப் பள்ளம். ஈரத்தில் வேகமாக வந்தால் வண்டி நேராக அதற்குள்தான் போகும். பழைய சாலையிலேயே போ என்று அமுதவல்லி மகளிடம் கெஞ்சினாள்.

"அங்க போறப்ப எனக்கு ஒண்ணுமே தோணலீங்கம்மா," என்றாள் நறுமுகை. "பயமே வரலீன்னா அது நல்ல ரோடுதானுங்களே?"

அமுதவல்லி தலைமை அலுவலகத்துக்கு முறையிட்டாள். வளைவைத் திருத்த அடுத்த ஆண்டுதான் ஆகும் என்றார்கள். வேறு இடத்தில் பதிந்த அச்சத்தையாவது இங்கே போடுங்கள் என்று கேட்டாள். போட்டுப் பார்த்தாயிற்று, பலிக்கவில்லை என்றார் மேலதிகாரி. பள்ளத்தைக் கண்டு செத்தவன் பயமும் லாரியைக் கண்டு செத்தவன் பயமும் வேறு வேறு. இடம் மாற்றிப் போட்டால் உடம்பு நம்பாது.

"முதல் பதிவு வரட்டுங்க மேடம்," என்றார் அவர், ஆறுதல் சொல்கிற குரலில். "அப்புறம் தானா சரியாயிடும்."

முதல் பதிவு யாராக இருக்கும் என்று அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

சாலை போட்ட கூலியாட்கள் வேலை முடிந்ததற்காக அந்த வளைவில் முனியப்பனுக்குக் கிடா வெட்ட நேர்ந்திருந்தார்கள். மேஸ்திரி குப்புராஜ் வெள்ளைக் கிடா ஒன்றைப் பிடித்துவந்து வேப்பமரத்தில் கட்டியிருந்தார். கொம்பு சரியாக முளைக்காத இளங்கிடா. அதைப் பார்த்தபோதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. தப்பு என்று தெரிந்தே வந்த யோசனை, ஆனால் மகள் முகம் அதை நல்ல யோசனையாக்கிவிட்டது. மேஸ்திரியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அவர் சிரிக்கவில்லை. "பாலத்துக்கு ஆளைக் காவு குடுப்பாங்கன்னு எங்கப்பாரு காலத்துல பேசுவாங்க அம்மிணி," என்றார். "இது கிடாதானுங்க. எப்படியும் சாவப்போறதுதான்."

ஆடு கவசத்துக்கு லேசில் தலை கொடுக்குமா? அவள் தினமும் வந்து அகத்திக்கீரையை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். முதலில் முறைத்த கிடா, பிறகு அவள் வண்டிச் சத்தம் கேட்டாலே கயிற்றை இழுத்துக்கொண்டு கத்தத் தொடங்கியது. கீரை தின்றுகொண்டிருக்கும்போதே குழந்தைகளுக்கான சின்னக் கவசத்தை மாட்டிப் பழக்கினாள். ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்று ஒரு கூலியாள் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

வெட்டுகிற அன்று காலை கவசம் பூட்டிக்கொண்டதும், எந்தப் புதுக் கவசமும் கேட்பதுபோல அதுவும் பெயரும் வயதும் கேட்டது. வெள்ளையன் என்றார் மேஸ்திரி. ஒன்று என்றாள் அமுதவல்லி. அந்த வயதுக்கு அனுமதியில்லை என்றது கவசம். இருபத்தொன்று என்று மாற்றிச் சொன்னாள், ஏற்றுக்கொண்டது.

மஞ்சள் நீரை ஊற்றினார்கள். கிடா சிலுப்பவில்லை. சிலுப்பினால்தானே சாமி உத்தரவு? மறுபடி ஊற்றினார்கள். அது அசையாமல் அமுதவல்லியையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் கடைசியாக ஒரு கொத்துக் கீரையை நீட்டினாள். கிடா கழுத்தை நீட்டியது. ஈரம் உறுத்தியதோ என்னவோ, அப்போது உடம்பைச் சிலுப்பியது. உத்தரவு கிடைத்துவிட்டது என்று கத்தி இறங்கியது.

மறுநாள் அவள் வளைவுக்குச் சற்று மேலே ஜீப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். முதலில் வந்த பால்காரர் வளைவில் வேகத்தை அறவே குறைத்து, காலைத் தரையில் ஊன்றி ஊன்றிக் கடந்தார். அடுத்து வந்தவர்களும் அப்படியே. பிறகு நறுமுகையின் சிவப்பு வண்டி வந்தது. சீறிக்கொண்டு வந்தது, வளைவில் தவழ்ந்தது, கடந்து போயிற்று. அமுதவல்லி ஜீப்பின் திசைமாற்றியில் தலையைச் சாய்த்து அழுதாள். இனி மகள் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

கூலியாட்கள் அடுத்த வேலைக்கு வேறு ஊர் போய்விட்டார்கள்; களஞ்சியம் வெளியிட்ட பெயரையும் வயதையும் பார்த்து, வெள்ளையன் யாரோ பாவப்பட்ட வாலிபன் என்று ஊர் முடிவு கட்டியது. நம்மைக் காக்க உயிரைக் கொடுத்தவன் என்று ஒரு கல்லை நட்டு, கவசம் ஒன்றை அதன்மேல் கவிழ்த்து, மாலையும் போட்டார்கள். அங்கே ஆட்டுக்கறி படைக்கவும் ஒருவர் ஏற்பாடு செய்தார். துறையிலிருந்து அமுதவல்லிக்குப் பாராட்டு வந்தது.

ஆனால் கொஞ்ச நாளில் ஊர் ஒரு மாதிரியாகிவிட்டது. வண்டிகளின் பின்னிருக்கைகள் காலியாயின. புருஷன் ஒரு வண்டி, பெண்சாதி ஒரு வண்டி. ஒருவன் நடு வளைவில் வண்டியை நிறுத்தி, பின்னால் இடுப்பைப் பிடித்திருந்த மனைவியின் கைகளைப் பிய்த்து இறக்கிவிட்டானாம். ஏன் என்று அவனுக்கே சொல்லத் தெரியவில்லை. டீக்கடையில் மாஸ்டர் கிளாஸை வைத்துவிட்டு விலகிப் போகும்வரை யாரும் அதைத் தொடவில்லை. சண்டையில்லை, சச்சரவில்லை, எல்லோரும் எல்லோரிடமும் மெதுவாகப் பேசினார்கள். யாரும் யாருக்கும் முதுகைக் காட்டவில்லை.

ஒருநாள் காலை அமுதவல்லி இட்லியைப் பிய்த்து நீட்டினாள். நறுமுகை வாயைத் திறக்கவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்தாள். சுவரோடு சுவராக நகர்ந்து வாசலுக்குப் போய்விட்டாள்.

அமுதவல்லி அந்த வளைவை எப்போதும் கவசமில்லாமல் ஜீப்பில்தான் கடந்திருந்தாள். அன்று கவசத்தை அணிந்து, துறையின் இருசக்கர வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

வளைவில் பிடரி குளிர்ந்தது. பள்ளம் நினைவில் வரவில்லை, சரிவு வரவில்லை. முதலில் வந்தது மகிழ்ச்சி. இப்படியொரு மகிழ்ச்சியைக் கவசத்தில் அவள் உணர்ந்ததே கிடையாது. பச்சை வாசனை, வளையல் சத்தம், எதிரே நீளும் ஒரு கை. அந்தக் கையைத் தேடி உடம்பே முன்னால் சாய்ந்தது. பிறகு அந்தக் கை விலகிக்கொள்ள, இருபுறமும் வேறு கைகள் வந்தன. வெட்டியவனைப் பற்றி அந்த அச்சத்தில் எதுவுமே இல்லை. முழுக்க முழுக்க அந்த ஒரு கையைப் பற்றிய அச்சம்தான். அவள் உடம்பு ஒருமுறை சிலுப்பிக்கொண்டது.

மனிதர்கள் சாலைக்குப் பயந்து செத்தார்கள், அதனால் அந்தப் பயம் சாலையோடு நின்றது. வெள்ளையனுக்குச் சாலை என்றால் என்னவென்றே தெரியாது. அது ஊட்டிய கைக்குப் பயந்து செத்தது. அந்தப் பயத்துக்கு வளைவைத் தாண்டியும் வேலை இருந்தது, ஏனென்றால் ஊட்டுகிற கை எல்லோர் வீட்டிலும் இருந்தது.

அலுவலகம் வந்ததும் கட்டுப்பாட்டுத் திரையில் வெள்ளையனின் பதிவைத் திறந்தாள். அழிக்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு. திரையில் விரலை வைத்தாள்; அழுத்தினால் போதும், ஊர் பழையபடி ஆகும், நறுமுகை வாயைத் திறப்பாள். வளைவும் பழையபடி ஆகும். வெளியே மழைக்காலத்தின் முதல் தூறல் விழுந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் மேலதிகாரி அழைத்தார். குரலில் அவ்வளவு உற்சாகம். மற்ற பதிவுகள் நாள்பட நாள்பட மங்குகின்றன, ஜனங்களுக்குப் பழகிவிடுகிறது, இந்தப் பையனுடையது மட்டும் மங்கவே இல்லை என்றார். எந்த இடத்தில் போட்டுப் பார்த்தாலும் உடம்பு நம்புகிறதாம். புதிய சாலைகள் எல்லாவற்றிலும் இதையே போடப் போகிறார்களாம், இனி முதல் சாவுக்காகக் காத்திருக்க வேண்டாமாம். பதிவில் ஏதாவது சிக்கல் உண்டா, ஆட்சேபணை உண்டா என்று முறைப்படி கேட்டார்.

அமுதவல்லி சன்னலைப் பார்த்தாள். தூறல் வலுத்திருந்தது. மகள் கல்லூரியிலிருந்து திரும்புகிற நேரம்.

"இல்லைங்க சார்," என்றாள். திரையிலிருந்து விரலை எடுத்துவிட்டாள்.

நறுமுகை நனைந்துகொண்டு, ஒரு கீறலும் இல்லாமல் வீடு வந்து சேர்ந்தாள். தலை துவட்டிவிடப் போன கை பாதியில் நின்றது. அமுதவல்லி சுடச்சுட தோசை ஊற்றித் தட்டில் வைத்து, மேசைமேல் தள்ளி வைத்துவிட்டு, கொல்லைக் கதவைத் தாண்டிப் போய்ச் சுவரோரம் நின்றாள். உள்ளே தட்டை இழுக்கும் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தாள். பிள்ளை பசியோடு இருக்கிறாளே என்று பெற்ற வயிறு எரிந்தது. உள்ளே போகவும் வழியில்லை.

பிறகு உள்ளிருந்து சன்னமான குரல் வந்தது.

"அம்மா, போயிட்டீங்களா?"

"போயிட்டேன் கண்ணு," என்றாள் அமுதவல்லி. "நீ சாப்பிடு."