ஈரக் கோடு

"ஹலோ! கண்ணைக் கழட்டி வீட்டுலயே வெச்சுட்டு வந்தீங்களா?"

கோடு போடும் வண்டியை விட்டுவிட்டு அவள் நிமிர்ந்தாள். காலையிலிருந்து கயிறு கட்டி, மூச்சைப் பிடித்துப் போட்ட சுண்ணாம்புக் கோடு. இன்னும் காயக்கூட இல்லை. அதன் நட்டநடுவில் ஒரு பூட்ஸ் தடம்!

பூட்ஸுக்கு மேலே பார்த்தவள் திகைத்தாள். ஊரே 'மின்னல்' என்று கொண்டாடும் கால்பந்து வீரன்... பேட்டைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பயிற்சி தர யாரோ வருகிறார் என்றார்கள். இவன் என்று யார் கண்டது? மழைக்கு முந்தைய வானம் போல் கண்கள் வேறு...

அதற்காக விட்டுவிட முடியுமா?

"டிவில மட்டும் கோட்டைத் தாண்டிக் குதிச்சு உள்ள போறீங்க. ராசியாம்! எங்க கோடுன்னா இளக்காரமா?"

"ராசியெல்லாம் இல்லீங்க. எங்கப்பாவும் மைதானத்துல கோடு போட்டவர்தான். ஈரக் கோட்டை மிதிச்சா முதுகு வீங்கிடும். அந்தப் பயத்துல இப்பவும் கால் தானா தாண்டிடுது."

"அப்ப இன்னிக்கு கால் தூங்கிடுச்சா?"

அவன் தலையைச் சொறிந்தான். "உங்களப் பாத்துட்டே வந்தேன்... கோட்டைப் பாக்கல."

நெஞ்சுக்குள் என்னவோ நழுவியது. அதை அதட்டி உட்கார வைத்தாள். எத்தனை பேரிடம் ஒப்பித்த வசனமோ! அப்பா கோடு போட்டாராம்... காதில் பூச்சுற்றுகிறான். போட்டோ எடுத்ததும் பறந்துவிடுவான்.

பறக்கவில்லை. கேமரா ஒன்றும் வரவில்லை. வாரம் தவறாமல் அவன் மட்டும் வந்தான், சேற்றில் பிள்ளைகளோடு புரண்டான். "கோட்டக்கா, அண்ணன் உங்களையே பாக்குறாரு!" என்று வாண்டுகள் கத்தும்போதெல்லாம் அவள் வண்டியை வேகமாகத் தள்ளினாள். மனசு கிடந்து அடித்துக்கொண்டது. வாய் மட்டும் வீம்பு பிடித்தது.

கடைசி நாளும் வந்தது. மறுநாள் அவன் டீமோடு கிளம்புகிறான். இன்று பேசாவிட்டால் இனி டிவியில்தான் பார்க்க வேண்டும்.

தூறல் போட்டது. அவனோடு ஒரு பெரியவரும் வந்தார். வந்தவர் யாரிடமும் பேசாமல் குத்துக்காலிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அவள் கோட்டைப் பார்த்தார்.

"நூல் பிடிச்ச மாதிரி இருக்கேம்மா!"

கோட்டைத் தடவிய விரல்களை அவள் பார்த்தாள். சுண்ணாம்பு தின்று வெடித்த நுனிகள்... அவளுடைய விரல்களைப் போலவே. அப்படியானால் அவன் சொன்னது பொய்யில்லை. ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை!

"இந்தப் பய நடக்கக் கத்துக்கிட்டதுலேருந்து ஈரக் கோட்டை மிதிச்சதில்ல. இங்க மிதிச்சுட்டேன்னு வந்து சொன்னான். மிதிக்க வெச்ச புண்ணியவதி யாருன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்பா... சும்மா இருங்களேன்!"

மைதானத்தின் மன்னன் காது மடல் வரை சிவந்து நின்றான். அவள் அவனை நோக்கி நடந்தாள். தூறல் இமையில் தங்கியது, துடைக்கத் தோன்றவில்லை.

"ஐயோ, பாத்து! மிதிச்சுட்டீங்க..." பதறினான் அவன்.

அவள் குனிந்தே பார்க்கவில்லை.

"தெரியும்... உங்களப் பாத்துட்டே வந்தேன்."