உடன் வந்தவர்

கடிதத்தின் நான்காவது வரியில்தான் அது இருந்தது.

முதல் மூன்று வரிகளும் சுபேசன் பயந்துகொண்டு காத்திருந்தவைதான். டிசம்பர் முதற் செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்கு வேலை அலுவலகத்தில் நடந்த கட்டாயச் சந்திப்புக்கு அவன் வரவில்லை. வராததற்கான காரணத்தை அறிவிக்கவும் இல்லை. எனவே வேலையில்லாதோருக்கான கொடுப்பனவு நிறுத்தப்படுகிறது. அதற்கு அடுத்த வரி இப்படி இருந்தது: 'உங்களுடன் வருபவர் 10.30 முதல் 11.15 வரை அறையில் உங்களுக்காகக் காத்திருந்தார்.'

அவனுடன் வருபவர் என்று யாரும் இல்லை.

அவன் முதலில் சந்தேகப்பட்டது தன்னுடைய நோர்வீஜிய மொழியைத்தான். மாலை வகுப்புக் கொப்பியை எடுத்து அந்த வரியைச் சொல் சொல்லாகப் பிரித்து எழுதினான். ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதி பார்த்தான். இரண்டாம் முறையும் பார்த்தான். பொருள் மாறவில்லை. கடிதத்தைப் படம் பிடித்துப் பிரவீணனுக்கு அனுப்பினான். சலவை ஆலை மூடப்படும்வரை இருவரும் ஒரே இயந்திரத்தில் வேலை செய்தவர்கள். பிரவீணன் இங்கேயே பிறந்தவன். அவனுக்கு அகராதி தேவையில்லை.

ஒரு நிமிடத்தில் தொலைபேசி வந்தது.

"சரியாத்தான் விளங்கியிருக்கிறாய். ஆரடா அது? எங்களுக்குத் தெரியாமல் ஆரையும் பிடிச்சு வைச்சிருக்கிறியோ?"

"பகிடி விடாதை மச்சான். இந்தக் காசு நிண்டால் அடுத்த மாசம் எனக்கு வீடில்லை. வீட்டுக்காரன் ஒரு நாளும் பொறுக்கமாட்டான்."

"வேறை ஆரின்ரையோ கடிதத்திலை இருந்து வெட்டி ஒட்டியிருப்பாங்கள். ஏன் போகேல்லை எண்டு விளக்கமா மேன்முறையீடு எழுது. செத்த வீட்டிலை நிண்டனான் எண்டு எழுது. அதுக்கு மேலை என்ன காரணம் வேணும்?"

அது உண்மைதான். அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அவன் அருட்பிரகாசம் அண்ணையின் இறுதிச் சடங்கில் நின்றான். எல்லிங்ஸ்ருட்டில் இருந்த அருட்பிரகாசத்தைத் தெரியாத தமிழர் ஒஸ்லோவின் கிழக்குப் பக்கத்தில் இல்லை. புதிதாக வருகிறவர்களை அலுவலகங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவது அவர்தான். ஒரு சதமும் வாங்கமாட்டார். ஆனால் கூட வந்தவனைப் பேசவும் விடமாட்டார். "நீ வாயை மூடிக்கொண்டிரு, நான் கதைக்கிறன்," என்பார். உனக்கு என்ன வயது என்று அலுவலர் கேட்டால்கூட அவர்தான் பதில் சொல்வார். ஆலை மூடப்பட்ட கோடையில் சுபேசனுக்கான படிவத்தை நிரப்பியவரும் அவரே. விண்ணப்பதாரருடன் வருபவர், அவருக்காகப் பேச அதிகாரம் உள்ளவர் என்ற கட்டத்தில் தன் பெயரைத்தான் எழுதினார். சுபேசன் கீழே கையெழுத்து வைத்தான்.

அன்று காலை ஒன்பது ஐம்பதுக்குப் புறப்பட்டால் சந்திப்புக்கு நேரத்துக்குப் போய்விடலாம் என்று கணக்கிட்டிருந்தான். ஒன்பது ஐம்பதுக்கு, பெட்டியின் தலைமாட்டில் நின்று, பட்டு வேட்டியும் ஓடிக்கொலோன் வாசனையும் பஞ்சடைத்த மூக்குமாகக் கிடந்த அந்த முகத்தைக் கடைசியாகப் பார்த்தான். ஆறு வருடப் பழக்கம். வாயில் தானாக வந்தது.

"அண்ணை, போட்டு வாறன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். செத்த வீட்டில் யாரும் அப்படி விடைபெறுவதில்லை. சொல்லாமல், திரும்பிப் பாராமல் வெளியேறுவதுதான் வழக்கம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைத்தான். வாசலை அடைவதற்குள் அண்ணையின் மகன் சிந்துஜன் ஓடிவந்து கையைப் பிடித்தான்: "அண்ணா, தூக்கிறதுக்கு ஒரு ஆள் குறையுது." எனக்கு அலுவலகத்தில் சந்திப்பு இருக்கிறது என்று, தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? தேவாரம், பொற்சுண்ணம், வாய்க்கரிசி. எல்லாம் முடிந்து அவன் வெளியே வந்து, அணைத்து வைத்திருந்த தொலைபேசியைத் திறந்தபோது பதினொன்று இருபது.

கடிதம் வந்த மறுநாள் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தான். மாரித் என்ற பெண் பேசினாள். அவனுடைய கோப்பு அவளிடம்தான் இருந்தது. கனிவான குரல்.

"ஆம், அவர் சொன்ன நேரத்துக்கே வந்துவிட்டார். பாவம், இந்தக் குளிரில் மேற்சட்டைகூட இல்லை. வெள்ளை நிறத்தில், கரை போட்ட துணி கட்டியிருந்தார். கோப்பி கொடுத்தேன். குடிக்கவில்லை."

"யார் அவர்?"

"நீங்கள்தானே பதிவு செய்திருக்கிறீர்கள்." அவள் எழுத்துக்கூட்டி வாசித்தாள். ஒவ்வொரு எழுத்தாக. அருட்பிரகாசம்.

"அவர் இறந்துவிட்டார். அந்த நேரம் நான் அவருடைய பெட்டியைச் சுமந்துகொண்டிருந்தேன்."

மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம். "எங்கள் பதிவில் அப்படி எதுவும் இல்லையே. வியாழக்கிழமை இரண்டரைக்கு மேன்முறையீட்டுச் சந்திப்புத் தருகிறேன். அவரையும் கூட்டி வாருங்கள். அவருடைய அதிகாரத்தை நீக்குவதானால் இருவருமே கையெழுத்திட வேண்டும்."

அன்று மூன்றரை மணிக்கே இருண்டுவிட்டது. புருசெத் நிலையத்திலிருந்து கடைப்பையுடன் ஏறிவந்தான். ஆறாம் மாடி நடைபாதையில் ஆள் அசைந்தால் மட்டும் எரியும் விளக்குகள். அவன் நடக்க நடக்க முன்னால் ஒவ்வொன்றாக எரிந்து, பின்னால் ஒவ்வொன்றாக அணையும். வீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டி, சப்பாத்தைக் கழற்றி, பருப்பை அடுப்பில் வைத்தான். கதவின் அடியில் வெளிச்சக் கோடு தெரிந்தது. ஒரு நிமிடத்தில் அணைந்துவிட வேண்டிய வெளிச்சம். பருப்பு கொதித்தது. இறக்கினான். வெளிச்சம் அணையவில்லை. மேல் மாடியில் யாரோ தண்ணீர் திறக்க, குழாய்கள் சுவருக்குள் நீளமாக முனகி ஓய்ந்தன. அந்த ஓய்வில், கதவுக்கு அப்பால், செருப்பில்லாத கால் ஒன்று சீமெந்தில் பாரம் மாற்றி நிற்கிற ஒட்டும் சத்தம் கேட்டதாக அவனுக்குத் தோன்றியது. தோன்றியதுதான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். கொப்பியில் நேரத்தைக் குறித்தான். 16.10, எரிகிறது. 16.40, எரிகிறது. 17.15.

ஓடிக்கொலோன் வாசனை பருப்பின் ஆவியைத் தாண்டி வந்தது.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துளையால் பார்க்க அவனுக்குத் துணிவு வரவில்லை.

புதன்கிழமை மதியம் எல்லிங்ஸ்ருட்டுக்குப் போனான். மரணச் சான்றிதழின் பிரதி வேண்டும். அது இருந்தால் மாரித் நம்புவாள். சுரங்க ரயிலில் நல்ல கூட்டம். ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். அவனுக்குப் பக்கத்து இருக்கையில் மட்டும் யாரும் உட்காரவில்லை. ஒரு பெண் உட்காரக் குனிந்து, "மன்னிக்கவும்," என்று இருக்கையிடம் சொல்லி விலகினாள்.

அண்ணையின் மனைவி சிவமலர் கதவைத் திறந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. அவனைப் பார்க்கவும் இல்லை. அவனுடைய தோளுக்கு அருகே, கொஞ்சம் மேலே பார்த்தாள்.

"அக்கா, சான்றிதழ் ஒரு கொப்பி..."

"தாறன் தம்பி." உள்ளே போய் எடுத்துவந்து கதவிடுக்கால் நீட்டினாள். "எட்டாம் நாள், எட்டுச் செலவுக்குப் படைச்சனாங்கள். அவருக்குப் பிடிச்ச கணவாய்க் கறி, பிட்டு, எல்லாம். ஒண்டிலையும் வாசம் குறையேல்லை. வச்சது வச்சபடி. அவர் வீட்டை வரேல்லை."

"அக்கா..."

"அண்டைக்கு நீர் அவருக்குச் சொல்லிப்போட்டுத்தானே வெளிக்கிட்டனீர்? நான் கால்மாட்டிலை இருந்தனான். என்ரை காதாலை கேட்டனான்."

"பழக்கத்திலை வந்திட்டுது அக்கா. இப்ப நான் என்ன செய்யிறது?"

அவள் அழுதாள். கதவை மூடுமுன் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அந்தத் தோள்பக்கத்தைப் பார்த்துக் கேட்டாள்: "ஏனப்பா, அது சின்னப் பொடியன் எல்லோ? விட்டிட்டு வாங்கோவன்."

வியாழக்கிழமை மூன்று அலாரம் வைத்தான். அடையாள அட்டை, மரணச் சான்றிதழ், சடங்கின் அறிவித்தல், கடிதத்தின் பிரதி. வரிசையாக ஒரு கோப்பில் அடுக்கி இரண்டு தடவை சரிபார்த்தான். இன்றைக்கு நானே கதைப்பேன் என்று, சொல்ல வேண்டிய நோர்வீஜிய வசனங்களைக் கொப்பியில் எழுதிப் பாடமாக்கினான். இரண்டு ஐந்துக்கே போய்விட்டான்.

வரவேற்பு மேசைப் பையன் திரையைப் பார்த்தான். "உள்ளே போங்கள். உங்களுடன் வந்தவர் ஏற்கெனவே போய்விட்டார்."

சின்ன அறை. ஒரு மேசை. மாரித் அந்தப் பக்கம். இந்தப் பக்கம் இரண்டு நாற்காலிகள். ஒன்று வெறுமை. இரண்டும் வெறுமை. ஆனால் ஒன்றின் முன்னால் கோப்பி ஆவி பறந்துகொண்டிருந்தது.

"உட்காருங்கள்," என்றாள் அவள். புன்னகை மற்ற நாற்காலிக்கு.

சுபேசன் கோப்பைத் திறந்து மரணச் சான்றிதழை அவள் முன்னால் வைத்தான். பாடமாக்கிய முதல் வசனத்தைத் தொடங்கினான். அவள் ஒரு விரலை மெல்ல உயர்த்தினாள். இன்னொருவர் பேசும்போது குறுக்கிடுகிறவனை மரியாதையாக நிறுத்துவது போல. தலையைச் சாய்த்துக் கேட்டாள். தலையாட்டினாள். தட்டச்சு செய்தாள்.

அறையில் ஒரு குரலும் இல்லை. சுவர்மணிக்கூடு மட்டும்.

"புரிகிறது," என்றாள். "அவர் வேலை தேடுவதை நிறுத்திவிட்டார்."

"இல்லை," என்றான் சுபேசன். "நான் தேடுகிறேன். பதினொரு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். இதோ."

கேட்டாள். வெறும் நாற்காலிப் பக்கம் காது கொடுத்தாள். தட்டச்சு.

"அப்படியா. எப்போது புறப்படுகிறீர்கள்?"

"எங்கே? நான் எங்கேயும் போகவில்லை! இங்கே பாருங்கள், அவர் இறந்துவிட்டார், இதில் எழுதியிருக்கிறது!"

கத்தினான். தமிழிலும் கத்தினான். அவள் திரையில் எதையோ சரிபார்த்தாள். சான்றிதழின்மேல் கோப்பிக் குவளையை நகர்த்தி வைத்தாள்.

"நாட்டைவிட்டுப் போகிறவர்களுக்குக் கொடுப்பனவு இல்லை. விதி அப்படி. நிரந்தரமாக நிறுத்திவிடுகிறேன். திரும்பி வரும் தேதி?"

மறுபடி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"சரி. வெறுமையாக விடுகிறேன்."

கையெழுத்துப் பலகையை மேசைக்கு மேல் தள்ளினாள். பேனா படுத்திருந்தது. பிறகு நின்றது. சாய்ந்து, உறுதியாக, பழகிய வேகத்தில் ஓடியது. சுபேசனின் பெயர். சுபேசனின் கையெழுத்து.

அவள் எழுந்தாள். கையை நீட்டினாள். அவனுக்கு அல்ல. அந்த வெறும் நாற்காலிக்கு முன்னால், ஓர் ஆளின் நெஞ்சு உயரத்தில், அவளுடைய கை நின்று, மேலும் கீழும் அசைந்தது. புறங்கைச் சதையில் நான்கு குழிகள் விழுந்தன. ஓரம் வெளிறிய ஆழமான குழிகள்.

"எவ்வளவு குளிர்ந்த கை," என்று சிரித்தாள். "நல்ல பயணமாக அமையட்டும். இருவருக்கும்."

போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

பக்கத்து நாற்காலி பின்னால் நகர்ந்தது.

சுபேசன் எழவில்லை. இரண்டு கைகளாலும் மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டான். முழங்கைக்குச் சற்று மேலே அவனுடைய சட்டைத் துணி சுருங்கியது. ஒரு மடிப்பு. இரண்டு. மூன்று. நான்கு. உட்புறத்தில் ஐந்தாவது, தடிப்பாக.

"மாரித்," என்றான்.

அவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

மேசை விளிம்பில் அவனுடைய சின்னவிரல் நிமிர்ந்தது. அவன் நிமிர்த்தவில்லை. அடுத்த விரல். அதற்கு அடுத்தது.