நஸ்ரினுக்கு எரிந்த சிவப்பு

சென்னை விமான நிலையத்தின் ஊழியர் வாயிலில் இருந்த மனமானிக் கருவி சிவப்பைக் காட்டியபோது பணிப்பெண் நஸ்ரின் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அவளோடு கொழும்பு விமானத்தில் பறக்க வரிசையில் நின்ற மற்ற ஐந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

கொள்ளைநோயின் இரண்டாம் ஆண்டு அது. உள்ளங்கையை வைத்தால் போதும். நாடித்துடிப்பு, வியர்வை, விரல் நடுக்கம் எல்லாவற்றையும் அளந்து, மற்ற ஊழியர்களின் ஒரு மாதச் சராசரியோடு ஒப்பிட்டு, ஆள் பறக்கலாமா கூடாதா என்று மனமானி சொல்லிவிடும்.

"வழக்கத்துக்கு மாறான மனநிலை. அனுமதி இல்லை" என்றது.

"ஐயோ, எனக்கு ஒண்ணுமில்ல!" என்றாள் நஸ்ரின். "எங்க வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. பதினெட்டு நாள் கழிச்சு இன்னிக்குத்தான் எழுந்து உக்காந்து, போன்ல பிரியாணி கேட்டாரு. அந்த சந்தோஷம்தான்!"

கேப்டன் கதிரவன் தன் கையை வைத்தார். பச்சை. அவர் நகரவில்லை.

"எனக்குப் பச்சையா? மூணு நாளா நான் கண்ணே மூடல. நேத்து தனிமை அறையில குழாயைத் திறந்துவிட்டுட்டு அழுதேன்."

துணை விமானி ஜெபா மெல்லச் சொன்னாள்: "நானும்தான் சார். ஆனா நான் குழாயைத் திறக்கல. பக்கத்து ரூம்ல நீங்க திறந்திருந்தீங்க, அந்தச் சத்தமே போதுமா இருந்துச்சு."

கேப்டன் அவளை ஒரு கணம் பார்த்தார். அப்புறம் வெடித்துச் சிரித்தார். சிரிப்பு மற்றவர்களையும் பிடித்துக்கொண்டது. வேலை போய்விடுமென்று மாதக்கணக்கில் மறைத்து வைத்ததையெல்லாம் ஆளுக்காள் கொட்டத் தொடங்கினார்கள்.

சத்தம் கேட்டு வந்த விமான நிலைய டாக்டர் தமயந்திக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆயிற்று. எல்லாரும் துவண்டு கிடந்தால் துவண்டு கிடப்பதுதான் சராசரி. அதில் ஒருத்தி சிரித்தால், இயந்திரத்துக்கு அவள்தான் நோயாளி.

அவர் அன்றைய கொழும்பு விமானத்தை ரத்து செய்தார். ஆறு பேருக்கும் பத்து நாள் விடுப்பு.

"எனக்குமா டாக்டர்?" என்றாள் நஸ்ரின்.

"போய் அடுப்பைப் பத்த வைங்க!"

பதினோராம் நாள் அவர்கள் கலகலவென்று பேசிக்கொண்டே வந்தார்கள். மனமானி ஆறு பேருக்கும் சிவப்பைக் காட்டியது. காவலர் பதறிப்போய் டாக்டரை அழைத்தார். டாக்டர் வந்து ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, ஆறு சீட்டிலும் 'பறக்கத் தகுதி உண்டு' என்று கையெழுத்திட்டார்.

விமானம் மேலேறி மறைந்தபின் அவரும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். உடனே போய்த் தனக்கும் விடுப்பு எழுதினார். காரணம் என்ற இடத்தில், 'எனக்கு இன்னும் பச்சைதான் எரிகிறது.'