காத்திருப்பு நிலை

வெள்ளிக்கிழமை என்றால் செல்லக்கனி காலையிலேயே தலைக்குக் குளித்து, கடற்கரைச் சாலைப் பேருந்தைப் பிடித்து நிழல்மனைக்குப் போய்விடுவாள். தூத்துக்குடியில் செத்தவர்கள் எல்லாரும் இப்போது அங்கேதான் இருந்தார்கள். உடம்பைச் சுடுகாடு வாங்கிக்கொள்ளும்; மூளையின் நகலை, அதாவது நிழலுருவை, நிழல்மனையின் பெரிய கணினி வாங்கிக்கொள்ளும். கடல்நீர்க் குழாய்களால் குளிர்ந்து கிடக்கும் அந்தக் கணினியின் திரையில், போன வருஷம் போய்ச் சேர்ந்த அவள் புருஷன் தவசிமுத்து நெற்றி நிறையத் திருநீறோடு வந்து நிற்பான்.

ஒரே கணினிக்குள் ஊரே குடியிருக்க முடியுமா என்று கேட்டால், இயங்குதளம் இருந்தால் முடியும். அதற்கு வாயில் நுழையாத பெயர் ஏதோ உண்டு. ஊர்க்காரர்கள் ‘மேஸ்திரி’ என்றே சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான். இவனுக்குக் கொஞ்சம், அவனுக்குக் கொஞ்சம் என்று கணினியின் மூளையான செயலியை முறைவைத்துக் கொடுப்பது அதன் வேலை. கண்மூடித் திறப்பதற்குள் முறை சுற்றி வந்துவிடுவதால், ஒவ்வொரு நிழலுருவும் மொத்தக் கணினியும் தனக்கே என்று நினைத்துக்கொள்ளும். நினைவகத்தில் யாருக்கு எந்த இடம், திரையும் ஒலிபெருக்கியும் எப்போது யாருக்கு, எல்லாம் மேஸ்திரி வைத்ததுதான் சட்டம். அதைக் கேட்காமல் உள்ளே ஒருவர் இருமக்கூட முடியாது.

கொஞ்ச நாளாகத் தவசிமுத்துவின் பேச்சு இழுபட்டது. சாப்பிட்டியா என்று கேட்பான். பதில் சொல்லி முடிப்பதற்குள் மறுபடியும் சாப்பிட்டியா என்பான். பார்வை அவள் முகத்தில் நிற்காமல் அவளுக்குப் பின்னாலிருந்த கதவுக்கே ஓடியது. கணினியில்தான் கோளாறு என்று முடிவுகட்டி, அந்த வெள்ளிக்கிழமை செல்லக்கனி நேரே அங்கே கணினியைப் பார்த்துக்கொள்ளும் ரெக்ஸ்லினிடம் சண்டைக்குப் போனாள்.

அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, நாற்காலியை இழுத்துப் போட்டான்.

“மெஷின் நல்லாத்தான் இருக்குக்கா. அண்ணாச்சிதான் களைச்சுப் போயிட்டார்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. செத்தவனுக்கு என்னய்யா களைப்பு!

ரெக்ஸ்லின் சிரிக்கவில்லை. நிழலுருவுக்கு ஓட்டம், காத்திருப்பு, உறக்கம் என்று மூன்று நிலை உண்டு என்றான். பார்க்க வந்தவர் கிளம்பியதும் அதை நினைவகத்திலிருந்து எடுத்துச் சேமக்கிடங்கில் உறங்க வைக்க வேண்டும். அங்கே வலியும் இல்லை, பொழுதும் இல்லை. ஆனால் ஆள் கிளம்பிவிட்டதை மேஸ்திரி எப்படித் தெரிந்துகொள்ளும்? சொல்லை வைத்துத்தான். போகிறேன் என்றால் உறக்கம். வருகிறேன் என்றால், இதோ வந்துவிடுவார், விழித்திரு என்று அர்த்தம். எங்கேயோ உட்கார்ந்து மேஸ்திரியை எழுதியவர்கள் அப்படி எழுதிவிட்டார்கள். இந்த ஊரில் கடைக்கு உப்பு வாங்கப் போகிறவன்கூடப் ‘போயிட்டு வாரேன்’ என்றுதானே சொல்வான்?

ஒவ்வொரு வாரமும் செல்லக்கனியும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வெள்ளி வரைக்கும், தன் முறை வரும்போதெல்லாம், வந்துவிட்டாளா என்று அந்த மனுஷன் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான். அவன் மட்டுமா? ஊரில் செத்தவர்கள் அத்தனை பேரும் பொட்டுத் தூக்கமில்லாமல் வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நீயே தூங்க வைத்துவிடேன் என்று கெஞ்சினாள். தனக்கு அந்த உரிமை இல்லை, வீட்டு ஆளின் வாய்ச்சொல் வேண்டும் என்றான் ரெக்ஸ்லின். சரி, தூங்கினால் திரும்ப எப்போது எழுப்புவாய் என்று கேட்டாள். அவன் தரையைப் பார்த்தான்.

“அவர் இடத்துக்கு வெளிய புதுசா செத்தவங்க பெரிய வரிசையே நிக்குக்கா. திரும்ப எடுக்கணும்னா, யாராவது போறேன்னு சொல்லி நினைவகத்துல இன்னொரு இடம் காலியாகணும். உங்க காலத்துல நடக்கும்னு என்னால சொல்ல முடியாது.”

வாரம் ஒரு தடவை முகத்தையாவது பார்க்கிறோமே என்றுதான் அவள் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அதையும் விட்டுவிடச் சொன்னால் எப்படி? வழக்கம்போல வாரேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடலாம். யார் கேட்கப் போகிறார்கள்? இப்படி மனசுக்குள் மல்லுக்கட்டிக்கொண்டே திரைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள்.

“சாப்பிட்டியா?” என்றான் தவசிமுத்து.

சாப்பிட்டதாகச் சொன்னாள். நான் போனபிறகு என்ன செய்வீர்கள் என்று மெல்லக் கேட்டாள். அதெல்லாம் ஒன்றுமில்லை என்று அவன் மழுப்பினான். அவள் விடவில்லை.

“கதவைப் பார்த்துட்டு இருப்பேன். வேற என்ன வேலை?”

“இம்புட்டு நாளும் ஏன் அத்தான் சொல்லல?”

“சொன்னா நீ வீட்டுக்கே போக மாட்டியே.” அவன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். “கொஞ்சம் தூங்குனா நல்லாயிருக்கும் போல இருக்கு கனி.”

பாவி மனுஷன், உயிரோடு இருந்தபோதும் தனக்கென்று ஒன்றைக் கேட்டவனில்லை. செல்லக்கனி முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். அந்தச் சொல்லை அவள் ஆயுசில் எவரிடமும் சொன்னதில்லை. சாவு வீட்டில்கூடச் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து வந்தாளே தவிர, வாய்தவறியும் சொன்னதில்லை. கண்ணாடியில் அவன் கன்னம் இருந்த இடத்தில் கையை வைத்தாள்.

“போறேன் அத்தான்.”

அவன் முகம் சுருங்கியது.

“ஏய், போறேன்னு சொல்லக் கூடாதுன்னு தெரியாதா? போயிட்டு வா—”

திரை இருண்டது.

செல்லக்கனி எழுந்திருக்கவில்லை. “வாரேன் அத்தான், வாரேன், போயிட்டு வாரேன்” என்று அந்தக் கறுத்த கண்ணாடியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்பதற்கு உள்ளே யாரும் விழித்திருக்கவில்லை.