நாக்கை நீட்டுங்க, மாஸ்டர்

பிரியாணியில் உப்பு தூக்கல். ஒரு வாய் வைத்ததுமே ஷாஸியாவுக்குத் தெரிந்துவிட்டது. பந்தியில் மற்றவர்கள் தயிர்ப் பச்சடியை அள்ளிப் போட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தார்கள். கல்யாண வீட்டில் குறை சொல்வது அழகில்லைதான்... ஆனால் மனதில் பட்டதை வாய்க்குள் வைத்துக்கொள்ள அவளுக்கு வராது. அந்தக் குணம் பின்னால் அவளை எவ்வளவு அழவைக்கப் போகிறது என்று அப்போது அவளுக்கு எப்படித் தெரியும்.

கையைக் கழுவிவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் போனாள். ஐயம்பேட்டையில் அன்று காலையிலிருந்தே மழை. தகரக் கொட்டகையில் பெரிய பிரியாணி தேக்சாவுக்குப் பக்கத்தில் ஒருவன் நின்றிருந்தான். சாரல் பட்டு நெற்றியில் ஒட்டிய முடி... சரியாகத் தூங்காத, ஆனாலும் சிரிக்கத் தயாரான கண்கள்... சொல்ல வந்தது அவளுக்கு ஒரு நொடி மறந்தே போயிற்று.

"மாஸ்டர்... உப்பு தூக்கலா இருக்குதுங்க."

"யாரும் சொல்லலையே."

"யாரும் சொல்ல மாட்டாங்க. ரெண்டு டம்ளர் தண்ணியக் குடிச்சுட்டு போயிடுவாங்க."

அவன் வீம்பாக ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டு மென்றான். "சரியாத்தான் இருக்குது மேடம்."

அவன் பேசியபோதுதான் பார்த்தாள். நாக்கு முழுக்கத் தயிர் ஒட்டினாற்போல வெள்ளை. கரண்டி பிடித்த விரல்களில் மூட்டுக்கு மூட்டு வீக்கம்.

"நாக்கை நீட்டுங்க."

"என்னது?"

"நான் மெடிக்கல்ல பார்மசிஸ்ட். நீட்டுங்க, மாஸ்டர்."

ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுகிற ஆஸிம், யாரென்றே தெரியாத ஒரு பெண்ணின் முன்னால் நாக்கை நீட்டினான். ஏன் நீட்டினோம் என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

"ரொம்ப நாளா ஆன்டிபயாட்டிக் எதாவது சாப்பிட்டுக்கினு இருக்கீங்களா?"

அவன் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஏழு மாசமா. முடக்குவாதத்துக்கும் அது கேக்கும்னு சென்னையில ஒரு டாக்டர் குடுக்கறாரு."

"அதான். அந்த மாத்திரை வாயில இருக்கற நல்ல கிருமியையும் சேர்த்துக் கொன்னுடும். காலியான இடத்துல பூஞ்சை வந்து குடியேறிடும். சில பேருக்கு ருசியே தெரியாம போயிடும்."

"மாத்திரையாலதான்னு எனக்கும் சந்தேகம். நாளையிலேந்து நிறுத்திடலாம்னு..."

"நீங்களா நிறுத்தாதீங்க. டாக்டர்கிட்ட இந்த நாக்கைக் காட்டுங்க. பூஞ்சைக்குத் தனியா மருந்து இருக்குது."

அவள் சுலபமாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஆஸிம் கையிலிருந்த கரண்டியையே பார்த்துக்கொண்டு நின்றான். போன வருஷம் காலையில் எழுந்தால் விரல்கள் மடங்காது. இப்போதுதான் மெல்ல மடங்குகின்றன... கை திரும்பி வந்த நேரத்தில் நாக்கு போய்விட்டது. இன்னும் மூன்று வாரத்தில் அஞ்சும் என்ற பெண்ணின் கல்யாணம், ஆயிரம் பேருக்குச் சாப்பாடு. அப்பா மொய்னுதீன் முதல்முறையாக மொத்தப் பொறுப்பையும் அவனிடம் விட்டிருந்தார். நோய் தெரிந்தால் கரண்டியைப் பிடுங்கி வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார் என்ற பயத்தில், மாத்திரையைக்கூடச் சென்னையிலேயே வாங்கி ஒளித்து வைத்திருந்தான்.

நான்காம் நாள் அவன் சீட்டோடு அவள் கடைக்கு வந்து நின்றான். மூட்டு மாத்திரையைத் தொடரச் சொல்லி, பூஞ்சைக்குப் பதினான்கு நாள் சொட்டு மருந்து எழுதியிருந்தார் டாக்டர்.

"வாயில விட்டு நல்லா சுத்தவிட்டு முழுங்கணும். அரை மணி நேரத்துக்கு டீ கூடாது."

"எதிர்லயே டீக்கடைய வெச்சுக்கினு இப்படிச் சொல்றீங்களே..."

"அப்ப இந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

"இந்தப் பக்கம் திரும்பினா நீங்க தெரியறீங்க."

ஷாஸியா மாத்திரை அட்டைகளை அடுக்கினாள். அடுக்கியதையே கலைத்து மறுபடியும் அடுக்கினாள்.

அப்புறம் தினமும் வந்தான். ஒரு நாள் இருமல் மிட்டாய், ஒரு நாள் பஞ்சு... அவளும் விடாமல், "நாக்கை நீட்டுங்க" என்பாள். வெள்ளை குறையக் குறைய அவன் சிரிப்பு கூடியது. அவன் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே அவள் துப்பட்டாவைச் சரிசெய்துகொள்ளத் தொடங்கியிருந்தாள்.

மருந்தின் எட்டாம் நாள் மொய்னுதீன் வழக்கம்போலச் சர்க்கரை மாத்திரை வாங்க வந்தார். ஆஸிமுக்கு வேண்டிய இரண்டாவது பாட்டில் அன்றுதான் வந்திருந்தது. உற்சாகத்தில் அதையும் எடுத்து நீட்டினாள்.

"இது ஆஸிமோடது. எடுத்துக்கினு போயிடுங்க."

"அவனுக்கு என்னம்மா மருந்து?"

"மூட்டு மாத்திரையால வந்த பூஞ்சைக்கு..."

பெரியவரின் முகம் வாடிய விதத்தில் புரிந்துவிட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் ஆஸிம் வந்தான். சிரிக்கவில்லை. "ஊர்ல தெரியக் கூடாதுன்னுதான் சென்னைக்கு அலைஞ்சேன். உங்ககிட்ட மட்டும் மறைக்கத் தோணல... அது என் தப்புதான்." அவள் வாயைத் திறப்பதற்குள் மழையில் இறங்கிப் போய்விட்டான்.

மன்னிப்புக் கேட்டு மெசேஜ் அனுப்பினாள். இரண்டு நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. ஒன்பது நாள் அவன் கடைப் பக்கமே வரவில்லை. மருந்துக்கடையில் நிற்கிறவள் அடுத்தவர் நோயைச் சொல்லலாமா, பெற்ற தகப்பனிடமே ஆனாலும்? என்னால் அவன் கையைவிட்டு அஞ்சுமின் கல்யாணச் சமையல் போயிருக்குமோ... கோபத்தில் மருந்தைப் பாதியில் விட்டிருப்பானோ... இதே நினைப்பில் சில்லறையைக்கூட மாற்றி மாற்றிக் கொடுத்தாள்.

அஞ்சும் அவளுடைய கல்லூரித் தோழி. கல்யாணத்தன்று பந்தியில் அம்மா நசீம் பானுவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். பரிமாறிய பெண் ஒரு தட்டைத் தனியாகக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தாள். "மாஸ்டர் குடுக்கச் சொன்னாரு."

ஒரு வாய் வைத்தாள். உப்பே இல்லை. நாக்கு இன்னும் திரும்பவில்லையா?

"என்ன பதமா ஆக்கியிருக்கான்," என்று அம்மா ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஷாஸியா அம்மாவின் தட்டிலிருந்து ஒரு கவளம் எடுத்துப் பார்த்தாள். உப்பும் காரமும் கச்சிதமாக இருந்தன.

தன் தட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

"மாஸ்டர்... இதுல உப்பு இல்ல."

"தெரியும். உங்களுக்குன்னு தனியா ஒரு சட்டியில ஆக்கினேன்." ஆஸிம் தயங்கினான். "குறை இருந்தா நேரா கொட்டகைக்கு வர்ற ஆளு நீங்க ஒருத்தர்தான். வேற எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல."

அவள் கண்கள் நிறைந்துவிட்டன. "நான் சொல்லியிருக்கக் கூடாது."

"கூடாதுதான். அப்பா ரெண்டு நாள் எங்கிட்ட பேசவே இல்ல... நோய் வந்ததுக்கு இல்ல, மறைச்சதுக்கு. அப்புறம் சொன்னாரு, தேக்சா தூக்க நாலு ஆளு கிடைப்பாங்கடா, உப்பு பார்க்க நீ ஒருத்தன்தான் இருக்கேன்னு."

"மருந்து...?"

"பதினாலு நாளும் விட்டுக்கினேன். டீ குடிக்காம." கேட்காமலே நாக்கை நீட்டினான். இளஞ்சிவப்பாக இருந்தது. அழுகையோடு அவளுக்குச் சிரிப்பும் வந்துவிட்டது.

அவன் சிரிக்கவில்லை. "ஷாஸியா... அடுத்த மாசம் மாத்திரைய மாத்தறேங்கறாரு டாக்டர். மாத்தினாலும் இந்த முடக்குவாதம் முழுசா போயிடும்னு சொல்ல மாட்டேங்கறாரு. சில நாள் காலையில சட்டைப் பட்டன்கூட போட முடியாது. எல்லாம் தெரிஞ்சவங்க நீங்க. தெரிஞ்சும்... என்னைக் கட்டிக்கறீங்களா?"

அவள் தேக்சா பக்கத்திலிருந்த உப்புத் தட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்தாள். தன் தட்டில் தூவிப் பிசைந்து ஒரு வாய் சாப்பிட்டாள்.

"பட்டன் போட எனக்குக் கை இருக்குது," என்றாள், தலையை நிமிர்த்தாமல். "உப்பும் நானே போட்டுக்கறேன்... உங்க அப்பாவை எங்கம்மாகிட்ட வந்து பேசச் சொல்லுங்க."

"எப்போ?"

"அரை மணி நேரம் கழிச்சு. அம்மா சாப்பிட்டுக்கினு இருக்காங்க."