வாழையிலையில் மூன்று கிளாஸ்

அமாவாசையும் அதுவுமாக யாராவது வீட்டில் சரக்கு விருந்து வைப்பார்களா? கவின்ராஜ் வைத்தான். கேட்டால், அமெரிக்காச் சரக்குக்கு அமாவாசை ஏது என்று சிரித்தான்.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, சாரலில் நனைந்தபடி அவன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் ஹெப்பாளில் இருந்த அந்தப் பழைய ஓட்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி மேனேஜர் ஸஞ்சனா. இன்னொருவன் கூட வேலை பார்க்கும் யதுநந்தன். அவன் கையில்தான் அந்த அமெரிக்க விஸ்கி, போர்பன் பாட்டில்.

"இது குடி இல்லீங்க தீபா, டேஸ்டிங். மோந்து பாக்கறது, ஒரு வாய் வெச்சுக்கறது, அஷ்டே, அவ்ளோதான்" என்றான் யது.

கவினின் மனைவி தீபாவுக்கு வயிறு எரிந்தது. அவளை அம்மிணி என்று கூப்பிடும் மாமா, கவினின் அண்ணன் பசவராஜ், பீடியும் கையுமாகக் குடித்துக் குடித்தே ஈரல் வெந்து, இதே வீட்டு நடு அறையில் செத்துப் பத்து மாதம்தான் ஆகிறது. அண்ணனை எடுத்த அன்று, இனிமேல் தொடவே மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தவன் கவின். வயிற்றில் ஐந்து மாதக் குழந்தையோடு நிற்கிறவளுக்கு அந்தச் சத்தியம் ஒன்றுதான் நம்பிக்கை. இன்றைக்கு அதுவும் போகப்போகிறது.

"ஏனுங்க, மாமாவுக்கு இன்னும் ஒரு படையல்கூட வெக்கலீங்க. அதுக்குள்ள இது வேணுங்களா?" என்று அடுக்களையில் கிசுகிசுத்தாள்.

"குடிச்சுச் செத்தவனுக்குப் படையல் ஒண்ணுதான் கொறச்சல்" என்றான் அவன்.

போட்டோவுக்கு நன்றாக இருக்குமென்று ஸஞ்சனா சொல்ல, நடு அறையில் வாழையிலை விரித்தான். ஆட்டுக்கறி வறுவலும் வேர்க்கடலையும் வைத்தான். மூன்று கிளாஸில் ஊற்றினான். ஊற்றியதைப் பத்து நிமிஷம் காற்றாட விட வேண்டுமாம். அதுவரை கறி வாசம் மூக்கில் ஏறக்கூடாதாம். எல்லோரையும் வாசலுக்குக் கிளப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான்.

வாசலில் நின்றபோதுதான் தீபாவுக்குச் சுருக்கென்றது.

அமாவாசை. இலை. கறி. சரக்கு. சாத்திய கதவு.

ஹனூரில் அவள் பிறந்த வீட்டில் செத்தவர்களுக்குப் படையல் வைப்பதே இப்படித்தானே! வைத்ததும் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே நிற்பார்கள். வந்தவர் சாப்பிட்டு எழுந்துபோக நேரம் விடுவார்கள். மூன்று தரம் கைதட்டிவிட்டுத்தான் திறப்பார்கள். தட்டாமல் திறந்தால், வந்தவர் திரும்பிப் போக மாட்டார் என்று பயம்.

மழைச் சத்தத்துக்கு நடுவே உள்ளே ஏதோ கேட்டது.

எலும்பைக் கடிக்கிற சத்தம்.

"தொறக்காதீங்க! மொதல்ல கை தட்டுங்க!"

"பூனையா இருக்கும்" என்று கவின் கதவைத் தள்ளிவிட்டான்.

உள்ளே யாரும் இல்லை. ஜன்னல் தாழ் போட்டபடியே இருந்தது. பீடி நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. இலையோரத்தில் மென்று துப்பிய எலும்பு, எச்சில்கூடக் காயவில்லை. இரண்டு கிளாஸ் காலி. மூன்றாவதில் பாதி மிச்சம்.

குடித்துக்கொண்டிருந்தவரைப் பாதியில் எழுப்பிவிட்டார்கள்.

"யது... பா, ஹோகோணா, போயிடலாம் வா" என்று ஸஞ்சனா முனகினாள். பையைக்கூட எடுக்காமல் மழையில் இறங்கி ஓடினாள். யது அவளுக்கு முன்னால் ஓடினான்.

கவின் மட்டும் நகரவில்லை. குனிந்து அந்தப் பாதிக் கிளாஸை எடுத்தான்.

"ஐயோ, வேண்டாங்க! நம்ம கொழந்த மேல ஆணை!" தீபா அவன் கையைப் பிடித்து இழுத்தாள். கை ஜில்லென்றிருந்தது.

ஒரே மடக்கில் குடித்துவிட்டான்.

தீபா வெறும் அறையைப் பார்த்துக் கும்பிட்டாள். கைகளைத் தட்டினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

"குடிச்சாச்சுங்களே மாமா. போயிருங்க. இவர எனக்கு உட்டுருங்க."

பதில் பக்கத்திலிருந்து வந்தது. வாய் கவினுடையதுதான். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பேர் சொல்லியே கூப்பிட்டவன் கவின்.

"எங்க போறது அம்மிணி? தொணைக்கு இவன் கெடச்சுட்டானே. இன்னொண்ணு ஊத்து."